லாரி மண்ணில் வந்த இலை

ரெஜினா மேடம் இறந்த செய்தி, நம் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், வருகைப் பதிவை மாலைக்குள் ஏற்றச் சொல்லும் நினைவூட்டலுக்கும் யாரோ அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் நடுவில் வந்தது. நான் அப்போது மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் இறங்குவதற்குள் கூப்பிய மஞ்சள் கைகள் திரையை நிறைத்துவிட்டன. ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்தி, பிறகு அதை அழித்தார். அழித்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. வணிகவியல் துறையிலிருந்து ஒருவர், "எந்த ரெஜினா, லைப்ரரியா?" என்று கேட்டார். "ஜூவாலஜி" என்று பதில் வந்தது. அதன் பிறகு அவரும் கைகூப்பினார்.

இந்த அஞ்சலியைக் கல்லூரி மலருக்காக எழுதச் சொன்னவர் விலங்கியல் துறைத் தலைவர். நான் தாவரவியல் துறை. ஆனாலும் என்னிடம்தான் வந்தார்.

"மேடம், நீங்கதான் அவங்களோட க்ளோஸ். ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் எமோஷனலா இருக்கட்டும். அந்த இறக்கை ஃபோட்டோ போட்டுடலாம். கடைசியில 'இறக்கையைத் தேடியவர் இறக்கை விரித்துப் பறந்து சென்றார்'னு முடிச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

அவர் அந்த வாக்கியத்தை வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கியது. தன் வாக்கியத்துக்குத் தானே அழக்கூடிய மனிதர்களைப் பற்றி ரெஜினா மேடம் என்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் மலரில் அச்சிட முடியாது.

இரங்கல் கூட்டத்தில் அவரை "எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர்" என்றீர்கள். அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள், ஆகவே நாம் உண்மையைப் பேசலாம். அவர் இனிமையாகப் பழகவில்லை. பாதிப் பேருக்கு அவர் காலை வணக்கம்கூடச் சொன்னதில்லை. என்னிடமே முதல் ஆண்டு முழுவதும், "உங்க டிபார்ட்மெண்ட் ஜன்னலை மூடுங்க, காத்து என் ஸ்லைடைத் தள்ளுது" என்பதைத் தவிர வேறு பேசியதாக நினைவில்லை. கூட்டத்தில் இறைவணக்கம் பாடியவர் உட்பட யாருக்கும் அவர் வேலை என்னவென்று தெரியாது. "பூச்சி மேடம்" என்பீர்கள். ஏதோ கரப்பான் மருந்து விற்பவரைச் சொல்வது போல.

அவர் படித்தது கல்லில் பதிந்த பூச்சிகளை. அதிலும் பெரும்பாலும் இறக்கைகளை. ஏன் இறக்கை மட்டும் என்று ஒருமுறை கேட்டேன். கேன்டீனில் சமோசாவைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஒரு பூச்சி செத்தா எல்லாரும் விருந்துக்கு வந்துடுவாங்க. எறும்பு, மீன், பாக்டீரியா. உடம்பைத் தின்னுட்டு, தின்ன லாயக்கில்லாததைத் துப்பிட்டுப் போயிடுவாங்க. இறக்கையில என்ன இருக்கு, வெறும் சருகு. அதான் சேத்துல விழுந்து, கல்லாகி, நம்ம கைக்கு வருது. முக்கால்வாசிப் பூச்சி சரித்திரம் மிச்சில் சரித்திரம்தான்."

இரங்கல் கூட்டத்திலும் சமோசா இருந்தது. கூடவே கேக். இரண்டாவது சுற்றும் வந்தது.

நம் தாளாளர் வெளிநாட்டுச் சுற்றுலா போய்த் திரும்பியபோது நடந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போல ஒரு பதக்கம் வாங்கி வந்தார். நடுவே ஒரு ஈ. பழங்கால மரப்பிசின் இறுகி உண்டான ஆம்பர் என்றும், ஈ நான்கு கோடி ஆண்டுக்கு முந்தியது என்றும் கடைக்காரன் சொல்லியிருக்கிறான். அதைக் கல்லூரி அருங்காட்சியகத்தில் தன் பெயர் போட்டு வைக்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கூட்டினார். ரெஜினா மேடம்தான் அப்போது அருங்காட்சியகப் பொறுப்பாளர். பதக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கேன்டீனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரும் உப்பும் கொண்டுவரச் சொன்னார். கரைய மறுக்கும் வரை உப்பைப் போட்டுக் கலக்கினார். பதக்கத்தை உள்ளே விட்டார். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"அசல்னா மிதக்கணும் சார்."

துறைத் தலைவர்தான் தாளாளரின் உதவிக்கு வந்தார். "ஒருவேளை ஈயோட வெயிட்டா இருக்குமோ மேடம்?"

"நாலு கோடி வருஷம் பட்டினி கிடந்த ஈ அவ்ளோ கனமா இருக்குமா சார்?"

சிரித்தவர்கள் யார் யார் என்று தாளாளர் கவனித்தார். நான் சிரித்தேன். அன்று முதல்தான் நானும் ரெஜினா மேடமும் சேர்ந்து டீ குடிக்க ஆரம்பித்தோம்.

அருங்காட்சியகச் சுவரில் பூச்சிகளின் வரலாற்றைத் துறைத் தலைவர் பெயின்டரை வைத்து வரைந்திருந்தார். இடது ஓரத்தில் புழு மாதிரி ஒன்று. அங்கிருந்து வலது ஓரத்துப் பட்டாம்பூச்சி வரை வளைந்து வளைந்து போகும் வண்ணக் கோடு, எங்கும் அறுபடாமல். ரெஜினா மேடம் ஒருநாள் ஈரத் துணியும் வெள்ளை பெயின்டும் எடுத்துவந்து அந்தக் கோட்டின் முதல் பாதியில் ஓர் அகலமான துண்டை அழித்தார். உண்மை நிலவரம் அதுதான். ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய பூச்சித் துணுக்குகள் சில இருக்கின்றன. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. பிறகு, நிலக்கரிக் காடுகளின் காலத்தில், திடீரென்று பல வகைப் பூச்சிகள், இறக்கையோடு. புறா அளவுக்கு இறக்கை விரித்த தும்பி போன்றவை உட்பட. இறக்கை எப்படி முளைத்தது என்ற கதை அந்த வெற்றிடத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. பார்த்தவர் யாரும் இல்லை, கல்லும் இல்லை.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? ஸ்டூடண்ட்ஸ் குழம்பிடுவாங்க" என்றார் துறைத் தலைவர்.

"குழம்பட்டும் சார். படிச்சவங்கல்லாம் அந்த இடத்துல குழம்பித்தான் நிக்கிறாங்க. நம்ம சுவர் மட்டும் ஏன் தெளிவா இருக்கணும்?"

விடுமுறை முடிந்து வந்தபோது கோடு மறுபடி இணைக்கப்பட்டிருந்தது. இன்னும் பளிச்சென்ற நிறத்தில்.

இனி அந்த ஃபோட்டோவில் இருக்கும் கல்லுக்கு வருகிறேன். அதற்காகத்தானே இதை எழுதச் சொன்னீர்கள்.

ரெஜினா மேடம் முடிச்சூரில் தனியாக இருந்தார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் யார் வீடு கட்டினாலும் முதலில் மனையை உயர்த்துகிறார்கள். ஒருவர் உயர்த்தினால் அவர் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும். பக்கத்துக்காரர் அதைவிட உயர்த்துவார். பிறகு சாலை உயரும். தன் தண்ணீரை அடுத்தவன் வீட்டுக்குள் அனுப்புவதே அங்கே பொறியியல். ரெஜினா மேடத்தின் வீட்டை ஒட்டிய காலி மனைக்கும் டிப்பர் லாரிகள் மண் கொண்டுவந்து கொட்டின. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கோ ஒரு தொழிற்சாலைக்குப் பள்ளம் தோண்டிய மண். அந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் வெளிறிய களிப்பாறை அடுக்குகள் உண்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். ஏட்டுக்கு நடுவே இலைகள் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, வாங்கியிருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேடம் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மண்மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுத்தியலால் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் கதவைத் திறந்து வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, காலைலேர்ந்து மண்ணுல இன்னா தேடிகினு கீற? நகை கிகை வுழுந்துச்சா?"

"பூச்சி தேடறேன்."

"பூச்சியா? ஏன், வூட்டாண்ட கீற பூச்சி பத்தலியா?"

"இது செத்து ரொம்ப நாளாச்சு."

"அப்போ இன்னா அவசரம்? குந்தி டீ சாப்டு."

மேடம் சிரித்தார். கல்லூரியில் யாரும் அவரைச் சிரிக்க வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த மேட்டில்தான் அது கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, நாக்கு வடிவில், நெருங்கிய நரம்புகளோடு ஒரு பதிவு. களிப்பாறையைப் பிளந்தால் புத்தகத்தைத் திறந்தது போல இரண்டு பக்கமும் அச்சு இருக்கும். ஒரு பக்கம் தெளிவாக இருந்தது. மறுபக்கத்தில் மண் ஒட்டி மங்கலாக இருந்தது. தெளிவான பாதியைப் பார்த்ததும் அவர் கரப்பானின் முன்னிறக்கை என்று நினைத்தார். அந்த அடுக்குகளில் செடிகள் ஏராளம். பூச்சி இறக்கை அவர் தேடிய வரையில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. திங்கட்கிழமை காலையில் துறைத் தலைவருக்கு அவரே வலியப் போய் வணக்கம் சொன்னார். அந்த மகிழ்ச்சியில் கல்லையும் காட்டிவிட்டார். அறிவுள்ள ஒருவர் மகிழ்ச்சியாக இருக்கும்போது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்யக்கூடும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த வாரம்தான் கல்லூரியைத் தரம் பார்க்க ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. மறுநாளே நுழைவாயிலில் ஃப்ளெக்ஸ் நின்றது. "தாம்பரத்தின் மிகப் பழைய குடிமகன்! பத்துக் கோடி ஆண்டுப் பூச்சி! நம் மண்ணின் பெருமை!" மண் டிப்பரில் வந்தது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இறக்கையின் படம் ஓரத்தில். தாளாளரின் படம் நடுவில், அதைவிடப் பல மடங்கு பெரிதாக.

ஃப்ளெக்ஸ் வைத்த அன்று மதியம் மேடம் தாவரவியல் ஆய்வகத்துக்கு வந்தார். கைக்குட்டையில் பொதிந்து இரண்டு பாதிகளையும் கொண்டுவந்திருந்தார். மங்கலாக இருந்த பாதியை வீட்டில் ஊசியால் சுத்தம் செய்திருந்தார்.

"இது என் வீட்டுப் பிள்ளையா, உன் வீட்டுப் பிள்ளையா, பாத்துச் சொல்லு."

"உங்களுக்குத் தெரியாததா மேடம்?"

"எனக்கு இது இறக்கையா இருக்கணும். வேலைக்கு வந்ததுலேர்ந்து இருக்கணும். அதனால என் கண்ணை நம்ப முடியாது. உனக்கு இது எதுவா இருந்தா என்ன? நீ பாரு."

அவர் வேலை செய்யும் முறை இதுதான். வாழ்க்கையில் நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லித் தரவில்லை. ஒன்றை ஆசைப்பட்டால், அதை ஆசைப்படாத ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது.

மொபைல் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்தேன். பூச்சியின் இறக்கை காகித விசிறி போன்றது. ஒரு நரம்பு மேடாகவும் அடுத்தது பள்ளமாகவும் மடிந்திருக்கும். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் வரி வரியாக நிழல் எழும். அவர்தான் எனக்கு இதைச் சொல்லியிருந்தார். இங்கே நிழல் எழவில்லை. எல்லா நரம்பும் ஒரே மட்டத்தில் படுத்துக் கிடந்தன. குறுக்கு நரம்பு ஒன்றும் இல்லை. இரண்டாவது பாதியைத் திருப்பினேன். அதில் அடிப்பாகம் இருந்தது. நாக்கின் அடி, ஒரு மெல்லிய தண்டின் துண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. இறக்கைகள் தண்டில் முளைப்பதில்லை.

"இலை மேடம். சிற்றிலை."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாவரவியல்காரி, எனக்கு அது மகிழ்ச்சியான செய்தியாக இருந்திருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அப்படி இல்லை. என் மேசையில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருக்குல்ல? இலையும் நல்லாத்தான் இருக்கு."

பிறகு நேராகத் துறைத் தலைவரின் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன், ஆகவே அங்கே பேசியதைக் காதால் கேட்டவள்.

"சார், ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லுங்க. இது இலை."

அவர் கல்லைப் பார்க்கவில்லை. "மேடம், கமிட்டி வந்துட்டுப் போகட்டும். அப்புறம் இலையாக்கிக்கலாம்."

"நாம ஆக்குறது இல்ல சார். அது ஏற்கெனவே இலை."

"கரஸ்பாண்டென்ட் சார் அவ்ளோ ஆசையா வெச்சிருக்காரு மேடம். நீங்களே கண்டுபிடிச்சீங்க, நீங்களே கெடுக்கறீங்க."

குழு வந்தது. அருங்காட்சியகத்தில், தெளிவான பாதியை உள்ளே வைத்துப் பூமாலை போட்ட கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். ஆம், நீங்கள் ஒரு கல்லுக்குப் பூமாலை போட்டீர்கள். குழுவில் வந்த வயதான ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எந்த வகைப் பூச்சிம்மா?" என்று மேடத்தைக் கேட்டார்.

"இலை சார். பூச்சி இல்ல. நான் முதல்ல தப்பாச் சொல்லிட்டேன். இவங்க எழுதிட்டாங்க."

அவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார், புன்னகைத்தார், குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியாது. நமக்குக் கிடைத்த தரம் நாம் எதிர்பார்த்ததற்குக் குறையவில்லை. ஆனாலும் அடுத்த வாரமே அருங்காட்சியகச் சாவியை மேடத்திடமிருந்து வாங்கிவிட்டார்கள். "ஒர்க்லோடைக் குறைக்கிறோம்" என்று காரணம் சொன்னார்கள். பொறுப்பு, அதுவரை அந்த அறைக்குள் தேர்வுத்தாள் திருத்த மட்டுமே நுழைந்த ஒருவருக்குப் போனது. கல் பெட்டிக்குள்ளேயே இருந்தது, இறக்கை என்ற பெயரோடு. ரெஜினா மேடம் போகும்போதும் வரும்போதும் அந்த அறையின் ஜன்னலில் அதைப் பார்த்தபடிதான் தன் நாற்காலிக்குப் போக வேண்டும். "தினமும் அதுகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றார் ஒருமுறை. கசப்பாகத்தான் சொன்னார். கசப்பு அவருக்கு நன்றாக வரும்.

இப்போது அவர் இல்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாததால் உங்களுக்கு அன்பு பெருகிவிட்டது. அந்தப் பெட்டியைப் பெரிதாக்கி, கருங்கல்லில் பெயர் வெட்டி, "பேராசிரியை ரெஜினா கண்டெடுத்த பூச்சி இறக்கை" என்று நிரந்தரமாக நுழைவு மண்டபத்தில் வைக்கப்போவதாக இரங்கல் கூட்டத்தில் அறிவித்தீர்கள். கைதட்டல் பலமாக இருந்தது. தன் வேலையில் அவர் செய்த ஒரே தவறை, அவரே திருத்திக்கொண்ட தவறை, திருத்தியதற்காகவே சாவியைப் பறிகொடுத்த தவறை, அவர் பெயரிலேயே கருங்கல்லில் வெட்டப்போகிறீர்கள். நாளை யாராவது விவரம் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் குனிந்து பார்ப்பார். ரெஜினா என்ற பெண்ணுக்கு இலைக்கும் இறக்கைக்கும் வித்தியாசம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அவமதிக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தால்கூட நீங்கள் இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டீர்கள்.

அது எந்த இலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாளாளர் அறை வாசலில் தொட்டியில் சைக்கஸ் செடி நிற்கிறதே, பார்வைக்கு அதைப் போன்ற ஒரு செடியின் சிற்றிலை. உறவு வேறு, அந்த இனமே இப்போது பூமியில் இல்லை. ஆனால் ஓலையின் சாயல் அப்படியே. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வடிவத்தின் ஜாடையை நீங்கள் தினமும் கடந்துபோகிறீர்கள். அதன் தொட்டியில் டீ மிச்சத்தை ஊற்றுகிறீர்கள்.

சாவியைக் கொடுத்த அன்று மேடம் இரண்டாவது பாதியை என் மேசையில் வைத்தார். "இது உன் டிபார்ட்மெண்ட் சொத்து. அவங்க கேக்க மாட்டாங்க. கல்லுக்கு ரெண்டு பக்கம் இருக்கும்னே அவங்களுக்குத் தெரியாது." அவர் சொன்னது சரி. இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பாதிக் கல். அடிப்பாகமும் தண்டும் உள்ள பாதி. மலரில் போடப் படம் கேட்டீர்கள். அதைத்தான் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வெளிச்சம் பக்கவாட்டில் இருக்கிறது. நுழைவு மண்டபத்தில் திரை விலக்கும் அன்று கல்லையும் எடுத்துவருவேன். உங்கள் பாதியும் என் பாதியும் மூடிய புத்தகம் போலப் பொருந்தும். பொருத்திக் காட்ட ஒரு நிமிடம் போதும். தாளாளருக்கும் புரியும். அதற்குள் கருங்கல்லில் வேறு வார்த்தை வெட்டியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பெயரை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

துறைத் தலைவர் கேட்ட கடைசி வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. ரெஜினா மேடம் பறந்து போகவில்லை. இறக்கை வேண்டும் என்று வேலைக்கு வந்த நாளிலிருந்து ஆசைப்பட்டவர், கையில் கிடைத்தது இலை என்று தெரிந்ததும் இலை என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, முடிச்சூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனார்.